126-ஆ, 135-ஆ? பணம் கட்டுமுன் தாளைப் படியுங்கள்

வீட்டு இணைப்பிலேயே முன்னறையில் மளிகைக் கடை நடத்துபவர். பக்கத்து மனையில் வீடு கட்டும் மைத்துனருக்குத் தன் மீட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தவர். நின்றுபோன மீட்டரைத் 'தெரிந்த பையனை' விட்டுச் சீல் உடைத்துப் பார்த்தவர். மின்வாரிய அமலாக்கப் பிரிவு வந்துபோன பிறகு பதறி ஓடி வருபவர்களில் இவர்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கம்பத்தில் கொக்கி போடுபவனுக்காவது தான் செய்வது திருட்டு என்று தெரியும். இவர்களோ, கையில் கொடுத்த தாளைக்கூடப் படிக்காமல் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மட்டும் கேட்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பிரிவு எண். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, அனுமதியில்லாத பயன்பாடு பற்றியது. வீட்டு இணைப்பில் கடை நடத்துவதும், வேறு இடத்துக்கு மின்சாரம் கொடுப்பதும் பொதுவாக இதில் வரும். இதில் சிறை கிடையாது. உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால், சோதனைக்கு முந்தைய 12 மாதங்களுக்கு மட்டுமே கணக்கிடலாம்.

135ஆம் பிரிவு திருட்டு. கொக்கி போடுவது, மீட்டரில் கைவைப்பது, கைவைத்த மீட்டரில் மின்சாரம் எடுப்பது எல்லாம் இதில் அடங்கும். மூன்றாண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம். உள்நோக்கத்தோடு செய்ததாகச் சொல்லி, வேறு வகைக்குப் பயன்படுத்தியதையும் அதிகாரி இதற்குள் கொண்டுவரலாம். ஆகவே எண்ணைப் பாருங்கள்.

சோதனையின்போது நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ உடன் இருக்க வேண்டும். கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் ஒன்று உங்களுக்கும் தரப்பட வேண்டும். சூரியன் மறைந்த பின் விடியும்வரை, வீட்டில் வசிக்கும் வயதுவந்த ஆண் இல்லாமல் குடியிருப்பில் சோதனை போடக் கூடாது. பட்டியலைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மீட்டர் எண், சீலின் நிலை, இணைத்திருந்த சாதனங்கள் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இழப்பீட்டுக் கணக்கு அதை வைத்துத்தான் வரும்.

திருட்டு என்று இணைப்பைத் துண்டித்தால், அதிகாரி 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். மதிப்பிட்ட தொகையை நீங்கள் கட்டினால் 48 மணி நேரத்துக்குள் இணைப்பு திரும்ப வர வேண்டும். வராவிட்டால் ரசீது நகலோடு செயற்பொறியாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். "நாளைக்கு வாங்க" என்பது பதிலல்ல.

அடுத்தது 'சமரசத் தொகை'. 152ஆம் பிரிவின் அட்டவணைப்படி ஒரு கிலோவாட்டுக்குத் தொழிற்சாலைக்கு 20,000 ரூபாய், வணிகத்துக்கு 10,000, விவசாயத்துக்கு 2,000, வீடு உள்ளிட்ட பிறவற்றுக்கு 4,000. கட்டினால் குற்ற வழக்கு இல்லை, விடுதலையானதாகவே கருதப்படும். ஆனால் இந்த வாய்ப்பு ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான். இழப்பீட்டுத் தொகை இதில் கழியாது, அது தனி. இன்னொரு முறை சொல்கிறேன்: ஒரே ஒரு முறைதான்.

126இல் வந்த தற்காலிக மதிப்பீட்டை ஏற்றால் ஏழு நாளுக்குள் கட்டலாம். ஏற்காவிட்டால், உத்தரவில் கையொப்பமிட்ட மதிப்பீட்டு அதிகாரிக்கே ஆட்சேபம் எழுதுங்கள். தற்காலிக உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அவர் இறுதி உத்தரவு போட வேண்டும். அதற்கு எதிராக 30 நாளுக்குள், பாதித் தொகையைக் கட்டி 127ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். சம்மதித்துப் பெற்ற உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. இந்த வழி தெரியாமல் நுகர்வோர் ஆணையத்துக்கு ஓடி மாதங்களை வீணாக்குகிறார்கள். இத்தகைய மதிப்பீடும் திருட்டு வழக்கும் அங்கே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் அனிஸ் அகமது வழக்கில் சொல்லிவிட்டது. சிவில் நீதிமன்றமும் 126இல் தலையிடாது. திருட்டு வழக்குக்குச் சிறப்பு நீதிமன்றம்.

லைன்மேன் கையில் பணம் கொடுத்து 'முடித்துவிட்டேன்' என்பவர்களுக்கு: ரசீது இல்லாவிட்டால் எதுவும் முடியவில்லை. திருட்டுக்கு உடந்தையான ஊழியருக்கும் 150ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. அவர் உங்களைக் காப்பாற்ற மாட்டார்.

பன்றிக்கு மின்வேலி போடுபவர்களும் கேளுங்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. மனித உயிரும் போகும். உயிர் போனதற்கான வழக்கைச் சமரசத் தொகை கழுவாது.

மீட்டர் நின்றாலோ சீல் அறுந்திருந்தாலோ தொடாதீர்கள். அன்றே உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987இலும் பதிவு செய்து புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். பழைய வீடு வாங்கினாலும், வாடகைக்குப் போனாலும், குடியேறுமுன் மீட்டரைப் பார்த்து இதையே செய்யுங்கள். மீட்டரில் செயற்கையாகக் கைவைத்திருப்பது நிரூபணமானால், அது பயனீட்டாளர் செய்த திருட்டு என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. முத்திரை குத்திய அந்த ஒரு நகல் இருந்தால் பேச இடமுண்டு. இல்லாவிட்டால் முந்தைய குடித்தனக்காரர் செய்ததற்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.