பதின்மூன்று இலக்க எண்ணில் ஒரு காவல்காரன்

பேரேட்டில் கூட்டல் ஒட்டவில்லை என்றால், நம் கணக்கப்பிள்ளைகள் முதலில் வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்று பார்ப்பார்கள். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று தேடுவார்கள். இதே போன்ற ஒரு வித்தை, நாம் அன்றாடம் விற்கும் சோப்பு, பிஸ்கட் உறைகளிலும் இருக்கிறது. பார்கோடுக் கோடுகளுக்குக் கீழே உள்ள 13 இலக்க எண்தான் அது.

உதாரணத்துக்கு 8901234567890 என்று வைத்துக்கொள்வோம். படித்தால் 8 லட்சத்து 90 ஆயிரத்துச் சொச்சம் கோடி! ஆனால் இதில் விலை கிடையாது. முதல் மூன்று இலக்கமான 890, அந்த எண்ணை வழங்கியது இந்திய அமைப்பு என்று காட்டும். சரக்கு இந்தியாவில் தயாரானது என்று அதற்கு அர்த்தமில்லை. நம்மில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்து வருபவை கம்பெனிக்கும் பொருளுக்கும் உரியவை. கடைசி இலக்கம் மட்டும் காவல்காரன்.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். இடமிருந்து 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் உள்ள ஆறு இலக்கங்களையும் கூட்டுங்கள்: 8+0+2+4+6+8 = 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள்: 9+1+3+5+7+9 = 34; பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ, அதுவே கடைசி இலக்கம். இங்கே குறைவே இல்லை, ஆகவே 0. மொத்தம் 137 என்று வந்திருந்தால் 3 போட்டிருப்பார்கள்.

ஏன் 3? ஓர் இலக்கம் தவறினால் வித்தியாசம் 1 முதல் 9-க்குள்தான் இருக்கும். அதை 3-ஆல் பெருக்கினால் 3, 6, 9 என்று 27 வரை போகும். நடுவில் எங்கும் 10-ஓ 20-ஓ வராது. ஆகவே ஒற்றை இலக்கத் தவறு எதுவும் தப்பாது. 2-ஆல் பெருக்கியிருந்தால், 5 வித்தியாசம் 10 ஆகி நழுவிப்போயிருக்கும்.

1974 ஜூன் 26-இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், டிராய் என்ற ஊரின் பல்பொருள் அங்காடியில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டைத்தான் முதன்முதலில் இம்முறையில் பில் போட்டார்கள். அப்போது 12 இலக்கம்.

ஆனால் காவல்காரனுக்கும் ஒரு கண் மறைவு உண்டு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடித்துவிடுவான். இரண்டுக்கும் வித்தியாசம் 5 ஆக இருந்தால் மட்டும் ஏமாந்துவிடுவான். 16 என்பதில் 1-உடன் 6-இன் மும்மடங்கைச் சேர்த்தால் 19. 61 என்று மாறினால் 6-உடன் 3 சேர்ந்து 9. வித்தியாசம் சரியாகப் பத்து. கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லாது. அந்த எண்ணில் வேறு சரக்கு இருந்தால், பில் அதன் பேரில் போய்விடும்; இருப்புக் கணக்கில் இரண்டு சரக்கும் கெடும்.

உறை கசங்கி ஸ்கேனர் படிக்காதபோது பையன்கள் கையால் எண்ணை அடிப்பார்கள். அப்போது 16, 27, 38, 49, 05 போன்ற ஜோடிகள் வந்தால், திரையில் விழும் பொருளின் பெயரையும் ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள்.