அரை மாத்திரைக் கணக்கு

20 மில்லிகிராம் சிட்டலோபிராம் மாத்திரையை நடுக்கோட்டில் உடைத்தால் 10 மில்லிகிராமாக இரண்டு துண்டுகள் கிடைக்கும். பாதி மாத்திரை, பாதி மருந்து. மூளைக்குள் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. முதல் துண்டை விட்டால் அங்கே மருந்தின் பிடி பத்தில் ஒரு பங்கு அளவுக்கே தளர்கிறது. இரண்டாவது துண்டையும் விட்டால் மிச்சமுள்ள ஒன்பது பங்கும் மொத்தமாகக் கழன்றுவிடுகிறது. மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கும் ஒரு பெண் கருவுற்றால், இந்த விசித்திரக் கணக்கு அவளுக்கு மிக அவசரமாகத் தேவைப்படும்.

ஏனென்றால் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், மதுரை காளவாசல் பக்கத்து வீடுகளில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று: “வயித்துல புள்ளை வளருது, இந்த மாத்திரையெல்லாம் எதுக்குத்தா?” அக்கறையில் பிறந்த கேள்விதான். ஆனால் அன்றைக்கே மாத்திரை அட்டை பீரோவுக்கு மேலே போய்விட்டால், அடுத்த சில நாட்களில் அந்தப் பெண்ணின் உடல் சொல்லும் பதில் வேறு மாதிரி இருக்கும். அதைப் புரிந்துகொள்ள மூளையின் மிகச் சிறிய ஓர் இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த இடத்துக்குப் பெயர் சினாப்ஸ். இரண்டு நரம்புச் செல்கள் சந்திக்கும் இணைப்பு. நடுவிலுள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படி ஏறக்குறைய 4,000 இடைவெளிகளை அடுக்கலாம். ஒரு செல் அதற்குள் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சிந்துகிறது. எதிரே உள்ள செல் அதைச் செய்தியாக வாங்கிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் சிந்திய செல்லே அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுக்கும் புரதத்தை ‘மீள்கடத்தி’ என்று சொல்லலாம். சிட்டலோபிராம், எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் இந்த மீள்கடத்தியின் மேல் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அதனால் செரோட்டோனின் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்குகிறது.

மீள்கடத்திகளை ஒரு பஸ்ஸின் இருக்கைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆரப்பாளையத்தில் கிளம்பி காளவாசல் வழியாகத் தேனி போகும் பஸ், 50 இருக்கைகள். மருந்துதான் பயணிகள். காலி பஸ்ஸில் ஏறுகிறவர் ஒவ்வொருவருக்கும் இடம் கிடைக்கும். நிரம்பி வழியும் பஸ்ஸில் இன்னும் எத்தனை பேர் ஏறினாலும் உட்காருகிறவர்கள் எண்ணிக்கை பெரிதாகக் கூடாது. சிட்டலோபிராம் 20 மில்லிகிராம் எடுத்தால் 40 இருக்கைகள் நிரம்புகின்றன. அளவை மூன்று மடங்காக்கி 60 மில்லிகிராம் கொடுத்தாலும் 44தான். கீழே இறங்கும்போது பாருங்கள்: 9 மில்லிகிராம் போதும், 35 இருக்கைகள் நிரம்ப. 3.4 மில்லிகிராமில் 25. ஒரு மில்லிகிராம்கூட இல்லாத 0.8இல் 10 இருக்கைகள். மாத்திரையின் பெரும்பகுதி நின்றுகொண்டுதான் வருகிறது. கடைசித் துணுக்குகள்தான் இருக்கைகளைப் பிடித்து வைத்திருக்கின்றன.

உயிரோடு இருக்கும் மனிதரின் மூளைக்குள் இருக்கைகளை எப்படி எண்ணினார்கள்? பெட் ஸ்கேன் மூலம். மீள்கடத்தியில் மட்டும் ஒட்டக்கூடிய ஒரு மூலக்கூறில் கதிரியக்கக் கார்பன் அணுவைச் சேர்த்து ரத்தத்தில் செலுத்துவார்கள். மருந்து பிடித்த இடம் போக மிச்சமுள்ள இடங்களில் அது ஒட்டிக்கொண்டு சமிக்ஞை தரும். அந்தக் கார்பனின் ஆயுள் மிகக் குறைவு. 20 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகிவிடும். டொரொன்டோவில் ஜெஃப்ரி மேயர் குழுவினர் இந்த முறையில் ஐந்து மருந்துகளைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான குறைந்தபட்ச சிகிச்சை அளவில் ஐந்துமே சுமார் 80 சதவீத மீள்கடத்திகளைப் பிடித்திருந்தன. இத்தகைய அளவீடுகளை வைத்து லண்டனில் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். மில்லிகிராமைச் சம அளவில் குறைக்காதீர்கள். மூளையில் உணரப்படும் விளைவைச் சம அளவில் குறையுங்கள் என்பதே அது.

அதன்படி ஒவ்வொரு படியிலும் ஐந்து இருக்கைகள் காலியாக வேண்டும் என்றால், சிட்டலோபிராம் அளவு 20, 9.1, 5.4, 3.4, 2.3, 1.5, 0.8, 0.37 மில்லிகிராம் என்று இறங்கும். முதல் படியில் 11 மில்லிகிராம் போகிறது. கடைசிப் படிகளில் அரை மில்லிகிராம்கூட இல்லை. கடைசி அளவு ஒரு மாத்திரையில் 54இல் ஒரு பங்கு. இதை பிளேடால் வெட்ட யாராலும் முடியாது. மாத்திரையில் பெரும்பகுதி நிரப்புப் பொருள்தான். கால் துண்டுக்குக் கீழே போனால் தூளாக உதிரும். சில நாடுகளில் துளி மருந்து இருக்கிறது. நெதர்லாந்தில் பீட்டர் க்ரூட்டும் ஜிம் வான் ஓஸும் ஒரு வழி கண்டார்கள்: நாளுக்கு ஒரு சிறு பொட்டலமாக, அளவு மெல்ல மெல்ல இறங்கும் மருந்துச் சுருள். எல்லோருக்கும் இத்தனை படிகள் தேவைப்படுவதில்லை. சில மாதங்களே மருந்து எடுத்தவர்கள் சிரமமில்லாமல் சீக்கிரம் இறங்கிவிடுவதும் உண்டு. ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்களுக்குத்தான் கடைசிப் படிகளில் நிதானம் தேவை.

நிதானம் எதற்கு? மூளை சும்மா இருப்பதில்லை. செரோட்டோனின் அதிகம் தங்கும் நிலைக்கு வாரக்கணக்கில் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. மருந்து திடீரென்று போனால் அந்தத் தகவமைப்பு மட்டும் மிஞ்சும். தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், விசித்திரக் கனவுகள், தலைக்குள் மின்சாரம் சுண்டியதுபோல் ஓர் அதிர்வு. 2024இல் 79 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதத்தினருக்கு இப்படி ஏதாவது ஒன்று வந்திருந்தது. வெறும் மாவு மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதத்தினருக்கு வந்திருந்தது. கடுமையான தொல்லை ஏறக்குறைய 3 சதவீதம். கர்ப்பிணிக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல்: தலைசுற்றலும் குமட்டலும் மசக்கையிலும் வரும். பிரித்தறிய நாட்காட்டி உதவும். அளவு குறைத்த சில நாட்களுக்குள் வந்து, மின் அதிர்வும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் நிறுத்தத்தின் விளைவு. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மனம் இருண்டால் நோய் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

மருந்துக்கு மருந்து வெளியேறும் வேகமும் வேறு. பராக்ஸெட்டின் உடலில் பாதியாக ஏறக்குறைய ஒரு நாள் போதும். ஃப்ளூவாக்ஸெட்டின் உடலுக்குள் மாறி உருவாகும் இன்னொரு வேதிப்பொருளும் மருந்தாகவே வேலை செய்யும். அது பாதியாகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் தானாகவே படிப்படியாக இறங்கும் மருந்து அது. ஆனால் பராக்ஸெட்டின் போலச் சீக்கிரம் வெளியேறும் மாத்திரையை ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ போடுவது குறைப்பு ஆகாது. முதல் நாள் பஸ் நிரம்பும், மறுநாள் இருக்கைகள் காலியாகத் தொடங்கும்; மூளை தினமும் ஏறி இறங்கும். தினமும் ஒரே நேரத்தில், சற்றே சிறிய அளவு என்பதே நல்ல முறை. அட்டையில் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் ‘சி.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’ என்று இருந்தால் அது மெல்ல மெல்லக் கரையும் வகை. அதை டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்காமல் உடைக்கக் கூடாது.

இனி கர்ப்பம் செய்யும் அதிசயத்தைப் பாருங்கள். ஒன்பது மாதத்தில் தாயின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. சிறுநீரகம் வடிகட்டும் வேகமும் சுமார் பாதி கூடுகிறது. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் தம் வேகத்தை மாற்றிக்கொள்கின்றன. 2டி6 என்ற நொதி முடுக்கம் பெறும். 2சி19 என்ற நொதி மந்தமாகும். பராக்ஸெட்டினைப் பெரும்பாலும் 2டி6 சிதைப்பதால், அதே மாத்திரையை அதே நேரத்தில் போட்டாலும் பலருக்கு ரத்தத்தில் மருந்து குறைந்துகொண்டே வருகிறது. பிறவியிலேயே அந்த நொதி மந்தமாக உள்ளவர்களுக்கு அளவு ஏறுவதும் உண்டு. அதாவது சில கர்ப்பிணிகளுக்கு யாரும் மாத்திரையைத் தொடாமலேயே உடல் ஒரு குறைப்பைத் தொடங்கியிருக்கும். அதற்கு மேல் வீட்டிலும் பாதியாகக் குறைத்தால் இரட்டைக் குறைப்பு ஆகிவிடும்.

நஞ்சுக்கொடியில் இன்னும் பெரிய வியப்பு இருக்கிறது. எலிகளில் நடந்து 2011இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, கருவின் முன்மூளைக்குத் தொடக்கத்தில் செரோட்டோனின் எங்கிருந்து வருகிறது என்று தேடியது. தாயின் உணவிலிருந்து கிடைக்கும் ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை வாங்கி, நஞ்சுக்கொடியே செரோட்டோனினைத் தயாரித்துக் கொடுக்கிறது. மனித நஞ்சுக்கொடிக்கும் அந்தத் தயாரிப்புத் திறன் இருப்பதை அதே ஆய்வு காட்டியது. மருந்துகளும் இந்த வழியாகக் குழந்தைக்குப் போகத்தான் செய்கின்றன, ஆனால் ஒரே அளவில் அல்ல. பிறக்கும்போது தொப்புள்கொடி ரத்தத்தை அளந்தால், செர்ட்ராலின் தாயிடம் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. ஃப்ளூவாக்ஸெட்டின் அதைவிட அதிகம். தாய்ப்பாலிலும் செர்ட்ராலின் மிகக் குறைவு.

அப்படியானால் குழந்தைக்கு ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் 9,49,504 கர்ப்பங்களை ஆராய்ந்து 2014இல் வந்த முடிவு: இந்த மருந்துகளால் இதயக் குறைபாடு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. பராக்ஸெட்டின் குறித்து 2005இல் எச்சரிக்கை வந்ததால், கர்ப்பத்தில் புதிதாகத் தொடங்க டாக்டர்கள் பொதுவாக அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. பிறந்ததும் நுரையீரல் ரத்தக் குழாய்கள் தளராமல் போகும் ஒரு பிரச்சினை, மருந்து எடுக்காத தாய்மாரின் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 2 என்றால், எடுத்தவர்களின் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 3. மருந்து எடுத்த தாய்மாருக்குப் பிறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சில நாட்கள் நடுக்கம், அழுகை, பால் குடிப்பதில் தடுமாற்றம் என்று இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். பிரசவ வார்டில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும், கவனித்துக்கொள்வார்கள்.

தராசின் மறு தட்டில் மனச்சோர்வு இருக்கிறது. சாப்பாடும் தூக்கமும் கெடுவது, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு உண்டு. உச்சத்தில் தாயின் உயிருக்கே ஆபத்து. கடும் மனச்சோர்வு வந்து குணமாகியிருந்த 201 கர்ப்பிணிகளைத் தொடர்ந்த 2006 ஆண்டின் அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 68 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது; தொடர்ந்தவர்களில் 26 சதவீதத்தினருக்கு. நோய் அவ்வளவு கடுமையாக இல்லாத பெண்களும் அடங்கிய 2011 ஆய்வில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் செய்தி விளங்கும். பலமுறை கடுமையாக நோய்ப்பட்டவர் பெரும்பாலும் மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். ஒரே ஒரு முறை, லேசாக வந்து, நெடுநாள் நலமாக இருப்பவர் மனநல ஆலோசனைத் துணையோடு குறைத்துப் பார்க்கலாம்.

எப்போது குறைப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கருத்தரிக்கத் திட்டமிடும் மாதங்களே ஆகச் சிறந்த காலம், அவசரமில்லாமல் இறங்கலாம். கரு உருவாகி சுமார் 22 நாளில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு பார்க்கும்போது பலருக்கு அந்த நாள் கடந்திருக்கும். அன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போடுவதால் கடந்த நாட்கள் திரும்பாது. நிறுத்தத்தின் தொல்லை மட்டும் வந்து சேரும். பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் நிறுத்தினால் குழந்தைக்கு நல்லது என்று முன்பு கருதினார்கள். அப்படி ஒரு நன்மை உறுதிப்படவில்லை. மாறாக, நஞ்சுக்கொடி வெளியேறிய சில நாட்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் தலைகுப்புற விழும். தாய்க்குப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நேரம் அது. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் சுற்றுவட்டக் கிராமப் பெண்களைத் தொடர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு ஆளில்லாமை ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டின. மாத்திரைக் கணக்கில் வீட்டாருக்கும் பங்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மதுரையில் இதற்கு உதவி தொலைவில் இல்லை. கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் மகப்பேறு, மனநலம் இரண்டு பிரிவுகளும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பெங்களூரு நிமான்ஸில் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாக அனுமதிக்கும் பிரிவே 2009 முதல் நடக்கிறது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எனக்கு நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு? குறைப்பதானால் கடைசிப் படிகளை எப்படிச் சிறிதாக்குவது? கர்ப்பம் முதிர முதிர இந்த அளவு எனக்குப் போதுமா? பதில் சிலருக்கு ‘மெல்ல இறங்கலாம்’ என்று வரும், சிலருக்கு ‘அப்படியே தொடருங்கள்’ என்று வரும், சிலருக்கு ‘சற்றுக் கூட்டுவோம்’ என்றும் வரும். மூன்றுமே தாயையும் பிள்ளையையும் ஒன்றாக எண்ணிப் போட்ட கணக்குகள். பதில் கிடைக்கும்வரை இன்றைய மாத்திரையை இன்றைக்குப் போட்டுவிடுங்கள்.