விசிறி சுற்றுகிறது... திரை மட்டும் இருட்டு!

புது கம்ப்யூட்டர் "எழுந்திருக்க" மறுத்தால் என்ன செய்வது?

பட்டனை அழுத்தினான். பெட்டிக்குள் விசிறி சுற்றியது. சின்னச் சின்ன விளக்குகள் எரிந்தன. வீட்டில் இருந்த ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மானிட்டரையே பார்த்தார்கள்.

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... ஐந்து நிமிடம்...

திரையில் ஒன்றுமே வரவில்லை!

மும்பை தாராவியில், 90 அடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடி அறையில் நடந்தது இது. தந்தை நெல்லைச் சீமையில் இருந்து பிழைக்க வந்தவர். ஒரு லாரி கம்பெனியில் குமாஸ்தா. மகனுக்கு 21 வயது. வீடியோ எடிட்டிங் படித்தவன்.

"சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வைத்துக்கொள். கல்யாண வீடியோக்களை வீட்டில் இருந்தே வெட்டி ஒட்டிக் கொடு. மாதாமாதம் வேலை தருகிறேன்" என்று ஒரு ஸ்டூடியோக்காரர் சொல்லி இருந்தார்.

தந்தை யோசித்தார். மகளின் கல்யாணத்துக்கு என்று போட்டு வந்த ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்தார். கழிவு போக கையில் கிடைத்தது 48 ஆயிரம் ரூபாய். அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது.

லேமிங்டன் ரோடு

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் இருக்கிறது லேமிங்டன் ரோடு. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாற்றியும், ஜனங்கள் வாயில் பழைய பெயர்தான். கம்ப்யூட்டர் சாமான்களுக்கு மும்பையில் பேர் போன இடம்.

முழுக் கம்ப்யூட்டராக வாங்குவதைவிட, உதிரியாக வாங்கிப் பூட்டினால் அதே பணத்துக்குக் கொஞ்சம் நல்ல சரக்கு கிடைக்கும். மதர்போர்டு, பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினட் என்று தனித்தனியாக வாங்கினான் மகன். பூட்டுக்கூலியையும் மிச்சம் பிடிக்க, வீடியோ பார்த்துத் தானே பூட்டினான். அதன் பலன்தான் இந்த இருட்டுத் திரை.

"போர்டு எரிந்து போச்சு!"

மறுநாள் காலையில் ஒரு ரிப்பேர்க்காரர் வந்தார். பட்டனை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். மூடியைக்கூடக் கழற்றவில்லை.

"நோ டிஸ்பிளே. மதர்போர்டு எரிந்து போச்சு. புதுசு போடணும். ஏழாயிரம் ஆகும்" என்றார்.

தாய் அழத் தொடங்கினார். "யாரு கண்ணு பட்டுதோ!" என்றார். தந்தை பேசவே இல்லை. ஏழாயிரத்துக்கு எங்கே போவது?

அப்போதுதான் பக்கத்து அறைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். ரெயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"அண்ணாச்சி, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று தந்தை கேட்டார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது தம்பி. ஆனா ஃபால்ட்டு தெரியும்" என்றார் பெரியவர்.

மகனைப் பார்த்து, "ஏலே, கரண்டு எது வரைக்கும் வந்திருக்குன்னு பாரு. அதுக்கு அடுத்த இடத்துலதான் திருடன் இருப்பான்" என்றார்.

எது முதலில் விழிக்கிறது?

பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் நேராகத் திரைக்கு வந்துவிடுவது இல்லை. முதலில் தன்னைத் தானே பரிசோதனை செய்துகொள்கிறது. பிராசசர் விழிக்க வேண்டும். அது ராமைத் தேடும். ராம் சரியாக இருந்தால் கிராபிக்ஸ் கார்டைத் தேடும். அதன் பிறகுதான் திரையில் படம். கடைசியாக, விண்டோஸ் இருக்கும் எஸ்.எஸ்.டி.யைத் தேடும்.

ஆக, திரை இருட்டாக இருந்தால் கோளாறு திரையில் என்று அர்த்தம் இல்லை. முந்தைய மூன்று படிகளில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்ல, இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு. பக்கத்தில் "சி.பி.யு.", "டி-ராம்", "வி.ஜி.ஏ.", "பூட்" என்று பொடி எழுத்தில் அச்சிட்டு இருக்கும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, அந்த இடத்தில் வண்டி நிற்கிறது.

மகன் மூடியைக் கழற்றினான். பட்டனை அழுத்தினான். "சி.பி.யு." விளக்கு எரிந்தபடியே நின்றது!

இரண்டு திருடர்கள்

"அதுக்குக் கரண்டு எந்த வழியா வருது?" என்று கேட்டார் பெரியவர்.

மகன் கையேட்டைப் புரட்டினான். மதர்போர்டுக்கு மின்சாரம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, 24 முனை உள்ள பெரிய பிளக். அதை மாட்டி இருந்தான். அதனால்தான் விசிறி சுற்றியது. இன்னொன்று, 8 முனை உள்ள பிளக். பிராசசருக்கு மட்டும் தனியாக மின்சாரம் கொடுப்பது. போர்டின் மேல் மூலையில், விசிறிக்குப் பின்னால் மறைந்து இருக்கிறது.

அது காலியாக இருந்தது!

சுவர் சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, "சி.பி.யு." என்று எழுதிய பிளக்கைத் தேடி எடுத்து மாட்டினான். மறுபடி பட்டனை அழுத்தினான்.

திரை அதே இருட்டு.

"போச்சு பெரியப்பா. ஏழாயிரம்தான்" என்று தலையில் கை வைத்தான் மகன்.

"திரையை ஏம்ல பாக்குத? விளக்கைப் பாரு!" என்று அதட்டினார் பெரியவர்.

"சி.பி.யு." விளக்கு அணைந்து இருந்தது. அடுத்த "டி-ராம்" விளக்கு எரிந்தது. வண்டி ஒரு ஸ்டேஷன் நகர்ந்து இருக்கிறது!

ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு இருந்தால் இப்படித்தான் ஆகும். ஒன்றைச் சரி செய்தாலும் திரையில் மாற்றம் தெரியாது. அவசரக்காரர்கள் "இது இல்லை" என்று, சரி செய்ததையும் திரும்பக் கழற்றிவிடுவார்கள்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு ராமைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் நன்றாக உட்கார்ந்து இருந்தது. மறு பக்கம் நூலளவு தூக்கி நின்றது. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் மகன் மெதுவாக அழுத்தி இருந்தான். கழற்றி, இரண்டு முனையிலும் கட்டை விரலை வைத்து அழுத்தினான். "டக்" என்று சத்தம் கேட்டது.

மூன்றாவது தடவை பட்டன். திரையில் எழுத்து வந்தது!

ஆனால் வந்த எழுத்து, "பூட் டிவைஸ் இல்லை" என்பது. மகனுக்கு மறுபடி பயம். பயப்பட வேண்டியதே இல்லை. புது எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் ஏற்றவில்லை; அதைத்தான் சொல்கிறது. சாமான்கள் எல்லாம் நல்லபடி வேலை செய்கின்றன என்பதற்கு அந்த எழுத்தே அத்தாட்சி. நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்து வந்து, அன்று இரவே விண்டோஸ் ஏற்றினான்.

செலவு? ஒரு பைசா இல்லை.

கடைக்கு ஓடும் முன்பு...

இதே நிலை யாருக்கும் வரலாம். கடைக்கு ஓடும் முன்பு வரிசையாகப் பார்க்க வேண்டியவை:

* விசிறியே சுற்றவில்லையா? பெட்டியின் பின்னால், எஸ்.எம்.பி.எஸ்.சில் ஒரு சுவிட்ச் உண்டு. அது அணைந்து இருக்கலாம். முன்பக்கப் பட்டனின் மெல்லிய ஒயர் முனை மாறி மாட்டப்பட்டு இருக்கலாம்.

* மானிட்டர் ஒயர் எங்கே மாட்டி இருக்கிறது? கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில்தான் மாட்ட வேண்டும். இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின்னால் "எஃப்" என்ற எழுத்து இருந்தால், மதர்போர்டில் மாட்டினால் படம் வரவே வராது.

* ராம் மாட்ட நான்கு பள்ளம் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் ஒற்றை ராமை பிராசசரில் இருந்து இரண்டாவது பள்ளத்தில் மாட்ட வேண்டும். இரண்டு ராம் என்றால் இரண்டாவதும் நான்காவதும்.

* டி.டி.ஆர்.5 ராம் உள்ள புது கம்ப்யூட்டர், முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை இருட்டாகத்தான் இருக்கும். பதறி அணைக்கக் கூடாது.

* பழைய ரக போர்டில் புது ரக பிராசசர் போட்டால், போர்டில் உள்ள "பயாஸ்" அதை அடையாளம் காணாமல் போகலாம். இது பழுது அல்ல. பயாஸைப் புதுப்பித்தால் சரியாகிவிடும்.

* இத்தனைக்கும் பிறகும் வரவில்லையா? பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம், படம் தரும் கார்டு இவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். படம் வந்தால் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான்!

எச்சரிக்கை இரண்டு. எதைத் தொடும் முன்பும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கி இருக்கும்.

பிராசசரைத் தேவை இல்லாமல் கழற்றுவதும் ஆபத்து. இன்டெல் போர்டுகளில் அதன் கீழே முடிபோன்ற ஊசிகள் இருக்கும். அவை வளைந்தால் வாரண்டி கிடைப்பது கடினம். ரிப்பேர்க்காரர் யாராவது "போர்டு போச்சு" என்றால், "எந்த விளக்கு எரிகிறது?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

அந்த வீட்டு மகன் இப்போது ஸ்டூடியோவுக்கு வேலை செய்கிறான். முதல் கல்யாண வீடியோவுக்குக் கிடைத்த பணம், அந்த மாதச் சீட்டுத் தவணைக்குச் சரியாக இருந்தது. இன்னும் 11 தவணை பாக்கி. பெரியவர் தினமும் சாயங்காலம் வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்தை எல்லாம் பார்த்துவிட்டுப் போகிறார்.