வரப்பில்லா வயல்

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று வகுத்தனர் நம் முன்னோர். மருத நிலத்து மக்கள் விதைத்து அறுத்து வாழ்ந்தனர். நெய்தல் நிலத்து மக்களோ மீனையும் முத்தையும் சங்கையும் கடல் தந்தவாறே கொண்டனர். உப்பு ஒன்றனையே கரையில் பாத்தி கட்டி விளைத்தனர். கடலினுள்ளே நாற்றுக் கட்டி, நாளெண்ணிக் காத்திருந்து, விளைந்ததை அறுக்கும் உழவும் உண்டு என்று எவரேனும் கூறியிருப்பின் அவர்கள் நகைத்திருப்பர். ஆயினும், அவ்வுழவு இன்று இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலே நடைபெறுகின்றது. அங்கு விளையும் பயிர் செம்பாசியாகும்.

பாசி என்றவுடன் குளத்துப் படிக்கட்டில் காலை வழுக்கும் பச்சைப் படலமே நம் நினைவிற்கு வரும். கடற்பாசி அத்தகையதன்று. அது தண்டும் கிளையும் உடையது போலத் தோன்றும், ஆனால் அதற்கு மெய்யான வேருமில்லை, பூவுமில்லை. நீரிற் கரைந்துள்ள சத்துகளை உடல் முழுவதாலும் உறிஞ்சி வளரும். பச்சை, பழுப்பு, சிவப்பு எனக் கடற்பாசி மூவகைப்படும். ஞாயிற்றின் ஒளியிலுள்ள செந்நிறக் கதிர்கள் கடலின் மேற்பகுதியிலேயே அடங்கிவிடும்; நீலமும் பச்சையுமான கதிர்களே ஆழம் புகும். அக்கதிர்களைப் பற்றிக்கொள்ளும் செந்நிறமி ஒன்று செம்பாசியில் அமைந்துள்ளது. இதனாலேயே அது அப்பெயர் பெற்றது.

செம்பாசியின் பயன் அதன் உடலில் ஊறியுள்ள பசைப்பொருளில் இருக்கின்றது. நோன்பு திறக்கும் வேளைக்காக இல்லங்களில் காய்ச்சி உறையவைக்கும் 'கடற்பாசி' என்னும் இன்பண்டத்தை உங்களிற் பலர் சுவைத்திருப்பீர்கள். அதற்குரிய அகர் என்னும் பொருள் சிலவகைச் செம்பாசிகளிலிருந்தே எடுக்கப்படுகின்றது. வேறு சில செம்பாசிகள் கேராஜீனன் என்னும் பசையைத் தருகின்றன. பனிக்கூழ் மென்மையாக இருப்பதற்கும், பாலிற் கலந்த கோகோத் துகள் அடியில் தங்காதிருப்பதற்கும், பற்பசை நீர்த்துப் போகாதிருப்பதற்கும் அது பயன்படுகின்றது. பிலிப்பைன்ஸ் நாட்டு மக்கள் இப்பாசியைப் பச்சையாகவே காய்களுடன் கலந்து உண்பதும் உண்டு.

கேராஜீனனின் தேவை பெருகப் பெருக, பிலிப்பைன்ஸ் கடலில் இயற்கையாக வளர்ந்த பாசி 1960களில் அருகத் தொடங்கிற்று. 'எடுத்துக்கொண்டே இருந்தால் எஞ்சுவது யாது?' என்னும் வினா எழுந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேக்ஸ்வெல் டாட்டி என்பார் அந்நாட்டவர் துணையுடன் அதனைப் பயிரிட முயன்றார். 1970களின் தொடக்கத்தில் அம்முயற்சி கைகூடிற்று. அதில் உடனுழைத்த அல்வரேஸ் என்பவரின் பெயராலேயே அப்பாசி இன்று 'கப்பாஃபைக்கஸ் அல்வரேசி' என வழங்குகின்றது.

நம் நாட்டு மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் சிறிதளவு விதைப்பாசியை ஜப்பானிலிருந்து கொணர்ந்து பேணிப் பெருக்கியது. பின்னர் மண்டபம் கடலில் அது வளர்த்துப் பார்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி அது வணிகப் பயிராயிற்று. குளிர்பான நிறுவனம் ஒன்று தொடக்கத்தில் இத்தொழிலில் ஈடுபட்டமையால், 'பெப்சி பாசி' என்றே கரையோர மக்கள் அதனை அழைக்கலாயினர்.

இப்பயிரை வளர்க்கும் முறை எளியது. பக்கத்திற்கு 3 மீட்டர் நீளமுள்ள மூங்கிற் சட்டம் ஒன்று அமைப்பர். அதன் குறுக்கே 20 கயிறுகளைக் கட்டி, அவற்றில் பாசித்துண்டுகளை வரிசையாக முடிவர். ஒரு மிதவைக்கு ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசி வேண்டும். மீன்கள் மேய்ந்துவிடாதபடி அடியில் வலை விரித்து, ஆழமில்லாத கடலில் நங்கூரமிட்டு நிறுத்துவர். இதற்கு எருவும் நன்னீரும் வேண்டுவதில்லை, நீரோட்டமே போதும். 45 நாளில் பாசி நான்கு மடங்களவு பெருகும். அறுத்ததில் 60 கிலோவை மறுபடியும் விதைக்கு வைத்து, எஞ்சிய 180 கிலோவை வெயிலில் உலர்த்தினால், கிட்டுவது ஏறத்தாழ 18 கிலோவே. ஆதலின் குடும்பம் ஒன்று வாழப் பல மிதவைகள் வேண்டும்.

இத்தொழிலிற் பெரும்பங்கு பெண்களுடையது. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி முதலிய இயற்கைப் பாசிகளைக் கடலில் மூழ்கிப் பறித்து வந்த மரபினர் இப்பகுதிப் பெண்கள். விரலிலே துணி சுற்றிக்கொண்டு, கூரிய பாறைகளினிடையே மூச்சடக்கித் தேடும் தொழில் அது. கரையில் அமர்ந்து பாசி முடியும் தொழிலோ அத்துணை இடர் உடையதன்று. மகளிர் குழுக்கள் பல இதனை மேற்கொண்டு தம் மக்களைப் படிக்க வைத்தன.

எனினும் இவ்வயலுக்கு இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, பயிரின் ஒருமை. ஒரு செடியின் துண்டே அடுத்த செடியாதலின், எல்லாச் செடிகளும் ஒரு தன்மையனவே. ஒன்றை வாட்டுவது அனைத்தையும் வாட்டும். கடல்நீர் வெப்பமுற்றால் கிளைகள் வெளுத்து முறிந்து உதிர்கின்றன. 2013ஆம் ஆண்டையொட்டி இப்பகுதியில் பாசி பெருமளவில் அழிந்தபோது, விதைக்கும் தட்டுப்பாடு நேர்ந்து உழைப்போர் வருந்தினர்.

இரண்டாவது, வரப்பின்மை. நெல் தன் வயலைக் கடந்து செல்வதில்லை. முறிந்த பாசித்துண்டோ அலையுடன் செல்லும். மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சூழ்ந்து பவளப் பாறைகள் உள்ளன. மீன்கள் குஞ்சு பொரித்து வளரும் தொட்டில்கள் அவை. இதனைக் கருதியே 2005ஆம் ஆண்டில் தமிழக அரசு இவ்வளர்ப்பிற்கு இட எல்லை வகுத்தது. எனினும், குருசடைத் தீவருகே இப்பாசி பவளத்தின் மேற்படர்ந்து அதனை மூடியிருத்தலை 2008இல் ஆய்வாளர் எடுத்துரைத்தனர். அது எவ்வளவு தொலைவு பரவும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் பவளம் அழியின் மீன் குறையும் என்பதிலும், மீன் குறையின் அதே பெண்களின் இல்லத்தில் அடுப்பு அணையும் என்பதிலும் ஐயமில்லை.

ஆதலின், மிதவையைப் பவளத்திற்கு அப்பால் நிறுத்துதலும், உதிர்ந்த துண்டுகளை அள்ளிக் கரை சேர்த்தலும், நம் கடலுக்குரிய பாசிகளையும் பயிரிட முயலுதலும் கடமைகளாம். நிலத்து உழவன் மண்ணால் வரப்பு அமைக்கின்றான். கடல் உழவனோ தன் அறிவாலேயே வரப்பு அமைத்தல் வேண்டும். அவ்வரப்பு உறுதியாக இருக்குமளவும் நெய்தலில் விளைச்சலும் நிற்கும், பவளமும் நிற்கும்.