வெறுங்கால்களும் ஒரு பட்டமும்



ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியனாக இருந்த காலம். ஒருநாள் மாலை எங்கள் உதைபந்தாட்டக் குழு முகம் வாடித் திரும்பி வந்தது. சப்பாத்து இல்லாதவர்களுக்குப் போட்டியில் இடமில்லை என்று, பெயரைப் பதியாமலே அனுப்பிவிட்டார்களாம்.

"சப்பாத்து இல்லாமல் வெல்ல ஏலாதா, சேர்?" என்று கேட்டான் ஒரு பையன். அன்று அவனுக்குச் சொன்னதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

1911ஆம் ஆண்டு, கல்கத்தா. ஐ.எஃப்.ஏ. கேடயத்துக்கான போட்டி 1893 முதல் நடந்துவந்தது. ஆனால் இந்தியர் குழு ஒன்றும் அதுவரை அதை வென்றதில்லை. அந்த ஆண்டு மோகன் பகான் கழகம் களமிறங்கியது. தலைவர் சிப்தாஸ் பாதுரி. பதினொரு பேரில் சப்பாத்து அணிந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே. மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால்.

ஒவ்வொரு குழுவாக வென்று, அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு ஒரு தடவை சமநிலை கண்டு, மறுபடி ஆடி வென்றார்கள். ஜூலை 29ஆம் திகதி இறுதியாட்டம். எதிரே கிழக்கு யோர்க்‌ஷயர் படைப்பிரிவு. முதல் கோலை அவர்களே போட்டார்கள். பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். இரண்டுக்கு ஒன்று! மைதானம் நிரம்பி வழிந்ததால், தொலைவில் நின்றவர்களுக்குக் கோல் விபரத்தைப் பட்டம் ஏற்றித் தெரிவித்தார்களாம். 1905இல் வங்காளத்தைப் பிரித்த மனக்காயம் ஆறாதிருந்த மக்களுக்கு அது வெறும் விளையாட்டு வெற்றி அல்ல.

ஆனால் நேயர்களே, வெறுங்காலில் ஏதோ மந்திரம் இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுக்குக் களத்தில் இறங்க இடம் கிடைத்தது, அதுதான் முக்கியம். அந்த இடம் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அக்காலத்தில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பினக் கல்லூரிகளோடு ஆடவில்லை. அங்குள்ள ஆட்டம் வேறு, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. அதைக் கறுப்பினக் கல்லூரிகள் 1892இலேயே தமக்குள் ஆடத் தொடங்கின. 1912இல் தமக்கென ஒரு விளையாட்டுச் சங்கத்தையே அமைத்துக்கொண்டன. கதவு அடைபட்டதும் தமக்கொரு களத்தைத் தாமே உண்டாக்கினார்கள்.

கதையைக் கேட்ட பையன்கள் சும்மா இருக்கவில்லை. அயல் தோட்டத்துப் பிள்ளைகளை அழைத்து, மலைச்சரிவில் கிடைத்த கொஞ்சம் சமதரையில் தாங்களே ஒரு போட்டி வைத்தார்கள். அன்று எங்கள் குழு தோற்றது. ஆனாலும் மேலே லயத்தில் காத்திருந்த தாய்மாருக்குத் தெரியட்டும் என்று, கோல் கணக்கை எழுதிய ஒரு பட்டம் ரிவர்ஸ்டன் காற்றில் ஏறியது.

சப்பாத்துக்கும் காசு சேர்த்தோம். பிள்ளைகளின் வறுமையைப் புகழ்ந்துவிட்டு அவர்களை வெறுங்காலோடு விடுவது நியாயமில்லையே.