எண்ணெயும் கடலையும் கெடாது காத்தல்

திருக்கார்த்திகை நாளில் அண்ணாமலையின் உச்சியிற் கொப்பரையில் வார்க்கப்படும் நெய் சில நாளில் எரிந்து தீர்கின்றது. அது கெடுமோ என்னும் கவலை எவர்க்கும் இல்லை. நம் அடுக்களை எண்ணெயோ மாதக்கணக்காய்க் காத்திருப்பது. ஆதலின், வேர்க்கடலை மிகுதியாய் விளையும் இம்மாவட்டத்தார் அதனையும் அதன் எண்ணெயையும் காக்கும் முறையை அறிதல் இன்றியமையாததாம்.

எண்ணெய்க்குப் பகை நான்கு: காற்று, வெளிச்சம், வெப்பம், ஈரம். காற்றிலுள்ள பிராணவாயு எண்ணெயோடு கூடுங்கால் சிக்கு நாற்றம் பிறக்கின்றது. வெளிச்சமும் வெப்பமும் அதனை விரைவுபடுத்தும்; செம்பும் இரும்பும் அவ்வாறே செய்யும். ஆகவே பித்தளை, செம்புக் கலங்களில் எண்ணெயை வைத்தல் தகாது. மூடியிட்ட பீங்கான் சாடியோ, நிறங்கொண்ட கண்ணாடிப் புட்டியோ, துருப்பிடியா எஃகுப் பாத்திரமோ ஏற்றது. அதனையும் அடுப்பினின்று விலக்கி வைத்தல் வேண்டும். எஞ்சிய பழைய எண்ணெயின்மீதே புதியதை ஊற்றுதல் பலர் வழக்கம். பழையதன் கேடு புதியதையும் பற்றுமாதலால், முன்னதைத் தீர்த்துக் கலத்தைக் கழுவி, ஈரமற உலர்த்திய பின்னரே ஊற்றுதல் நன்று. நல்லெண்ணெயிலோ சிக்கேறுதலைத் தடுக்கும் பொருள்கள் இயல்பாகவே அமைந்துள்ளன. நம் பாட்டிமார் ஊறுகாய்க்கு அதனைத் தேர்ந்தது எத்துணைப் பொருத்தம்!

நிற்க, கடலையின் கேடு இதனினும் பெரிது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீவனத்திற் கலந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் விளைத்த நஞ்சே காரணம் என ஆராய்ந்தோர் கண்டனர். அஃப்ளடாக்ஸின் எனப்படும் அந்நஞ்சு கல்லீரலைத் தாக்கும். நாளடைவிற் புற்றுநோயையும் விளைக்கும். கழுவினாலும் வறுத்தாலும் அது முற்றும் நீங்காது.

எம் இல்லத்திலும் மழைக்காலத்திற் பூத்த கடலையைக் கழுவி வறுத்து உண்டதுண்டு. சிறிது கசந்தது, வீணாக்கலாகாதென்று பொறுத்துக்கொண்டோம். அச்சிக்கனத்தின் பொருளை இப்பொழுதே உணர்கின்றேன்.

குலுக்கினால் உள்ளே பருப்பு ஒலிக்கும்வரை கடலையை வெயிலில் உலர்த்துக. மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாது பலகைமேல் வைக்க. ஐப்பசி, கார்த்திகை மழைக்குமுன் ஒருமுறை பிரித்துப் பார்க்க. பூத்தவற்றையும், சுருங்கியவற்றையும், நிறம் மாறியவற்றையும் பொறுக்கி எறிக; மாட்டுக்கும் இடற்க, பாலிலும் அந்நஞ்சு இறங்குமாதலின்.

ஒருபடி கடலையை எறிதல் இழப்பே. ஆயினும், அதனை மக்கள் உண்கலத்தில் இடுதல் அதனினும் பேரிழப்பன்றோ?