கோணல் அச்சும் நேரிய பொருளும்

அச்சு என்னும் சொல் தமிழில் பல பொருள் தருவது. சக்கரம் சுழல்வதும் அச்சில். நூல் வெளிவருவதும் அச்சில். வெல்லம் வடிவு பெறுவதும் அச்சில். தந்தையை ஒத்த மகனை ‘அச்சு அசல்’ என்கிறோம். அச்சு எவ்வாறோ அவ்வாறே பொருளும் அமையும் என்னும் நம்பிக்கை இவ்வழக்கில் உறைந்துள்ளது. அந்நம்பிக்கை பொய்க்கும் ஒரு தொழிலைப் பற்றியதே இக்கட்டுரை.

இதனை எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுகிறோம். எம் துறையில் பயின்ற மாணவர் ஒருவரின் தம்பி, தமிழ்வழியில் படித்தவர், ஒரு தொழிற்கூடத்தில் அச்சு செய்யும் பணியில் பயிற்சி பெறுகின்றார். கண்ணாடி இழையும் பாலிப்ரொப்பிலீனும் கலந்த தகட்டினை ‘ட’ வடிவில் மடித்துத் தாங்கி செய்வதற்கு அவர் ஓர் அச்சினைக் கடைந்தார். அச்சின் கோணம் மிகச் சரியாக 90 பாகை. வெளிவந்த தாங்கியோ 88½ பாகை. அளவு தெரியாதவர் என்று ஏச்சு வாங்கினார். ஆங்கிலக் கையேட்டைப் புரட்டியபோது, இக்குறைக்கு ‘ஸ்பிரிங் இன்’ என்று பெயரிட்டிருந்தது. தகட்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளே குற்றவாளிகள் என்று கருதி, மூன்று நாள் அவற்றை மாற்றி மாற்றிப் பொருத்தினார். கோணம் மாறவில்லை. கையேட்டுடன் எம்மிடம் வந்து, “இதைத் தமிழில் சொல்லுங்கள் ஐயா” என்றார். யாமும் அவருடன் அமர்ந்து கற்றோம். கற்றதை ஈண்டுப் பகிர்கின்றோம்.

இளகுவதும் இறுகுவதும்

பிளாஸ்டிக்குகள் இறுகுவன, இளகுவன என இருவகைப்படும் என்று பள்ளிப் பாடநூல்கள் கூறும். பேக்லைட் ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. பாலித்தீனோ சூடேற்ற இளகும், குளிர இறுகும், மீண்டும் இளகும். இவ்விளகும் வகையில் கண்ணாடி இழையையோ கார்பன் இழையையோ பொதித்தால் வலிமை மிக்க கூட்டுப்பொருள் கிடைக்கும். 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ380 விமானத்தின் இறக்கை முன்விளிம்புப் பகுதிகள், கண்ணாடி இழையும் பாலிஃபினைலீன் சல்ஃபைடும் சேர்ந்த இவ்வகைப் பொருளால் ஆனவை. இதனை உருக்கி ஒட்டலாம். கழிவை மீண்டும் உருக்கலாம். நிமிடக் கணக்கில் வார்த்தெடுக்கலாம்.

இடர் ஒன்றும் உண்டு. இறுகும் வகை தொடக்கத்தில் எண்ணெய்போல் ஓடி இழைகளை நனைக்கும். இளகும் வகை உருகிய நிலையிலும் பாகினும் தடித்தது. எனவே மிகுந்த வெப்பமும் அழுத்தமும் வேண்டும். பாலிப்ரொப்பிலீன் ஏறத்தாழ 165 பாகை செல்சியசிலும், விமானத் தொழிலில் பயன்படும் பீக் என்னும் பிளாஸ்டிக் 343 பாகையிலும் உருகும். இச்சுமை முழுவதையும் தாங்குவது அச்சே.

அச்சின் சூடு

செய்முறை எளிதாகவே தோன்றும். தகட்டைச் சட்டத்தில் பொருத்தி, அகச்சிவப்பு விளக்குகளின் கீழ் உருகுநிலைக்கு மேல் சூடேற்றுவர். சில நொடிகளுக்குள் அதனை அச்சின் இரு பாதிகளுக்கு இடையே கொணர்ந்து அழுத்துவர். குளிர்ந்தபின் எடுப்பர்.

அச்சு எத்துணைச் சூடாக இருத்தல் வேண்டும் என்பதே முதல் வினா. இதற்கு விடை நம் வீட்டுப் பெண்டிர் அறிந்ததே. அச்சு முறுக்கு சுடுவோர் அச்சினை முதலில் கொதிக்கும் எண்ணெயில் இட்டுச் சூடேற்றுவர். சூடு குறைந்தால் மாவு பற்றாது. மிகுந்தாலும் சரியாக நில்லாது. இங்கும் அதுபோன்றதொரு பதம் உண்டு. அச்சு குளிர்ந்திருந்தால் தகட்டின் மேற்பரப்பு தொட்டவுடன் உறைந்து வடிவு கொள்ள மறுக்கும். உள்ளே படிக அமைப்பும் குன்றும். சூடு மிகுந்தால் வெளியே எடுக்கும்போதே பொருள் துவண்டுவிடும். ஆகவே பீக் பிளாஸ்டிக்குக்கு அச்சினை 200 பாகை அளவில் வைப்பர். அஃது உருகுநிலைக்குக் கீழும், பிளாஸ்டிக் விறைத்துப்போகும் 143 பாகைக்கு மேலும் அமைந்த இடைநிலையாகும்.

இழை நீளாது

இரும்புத் தகட்டை அழுத்தினால் அது நீண்டு கொடுக்கும். இழை அவ்வாறு நீளாது. சதுரக் கைக்குட்டையை நூலின் போக்கில் இழுத்தால் அசையாது. மூலைக்கு மூலை இழுத்தால் நீளும். அங்கே நீண்டது நூலன்று; நூல்களுக்கு இடையிலான கோணமே மாறிற்று. கூட்டுப்பொருளும் வளைவுகளில் இவ்வாறே சாய்ந்து கொடுக்கும். சாய்ந்த இடத்தில் நூல்கள் நெருங்குவதால் தடிமன் கூடும்.

அச்சின் இரு பாதிகளுக்கும் இடைவெளி எங்கும் ஒரே அளவாயின், தடித்த இடமே அழுத்தம் முழுவதையும் தாங்கிக்கொள்ளும். ஏனைய இடங்களில் அழுத்தம் சேராது காற்றறைகள் எஞ்சும். இதற்காக இடைவெளியை இடத்துக்கிடம் மாற்றுவர்; அல்லது ஒரு பாதியைச் சிலிக்கோன் ரப்பரால் செய்து அழுத்தத்தைப் பரப்புவர். செங்குத்துச் சுவருக்கு மேலிருந்து வரும் அழுத்தம் போதாது. பொருளைக் கழற்றுவதும் கடினம். எனவே சுவர்களுக்குச் சிறு சரிவு தருவர். மூலைகளைக் கூராக விடாது உருட்டுவர். தகடு சுருக்கம் விழாதிருக்கச் சட்டத்தில் ஸ்பிரிங்குகள் பூட்டுவர். நம் இளைஞர் ஐயுற்றவை இவையே. இவற்றின் வேலை சுருக்கம் நீக்குவதேயன்றிக் கோணம் காப்பதன்று.

கோணம் ஏன் ஒடுங்குகிறது?

இனி அவருடைய வினாவுக்கு வருவோம். குளிரும்போது பொருள் சுருங்குகிறது. ஆனால் எத்திசையிலும் ஒன்றுபோல் சுருங்குவதில்லை. இழை ஓடும் திசையில் இழையே தடுத்து நிறுத்தும். சுருக்கம் மிகச் சிறிது. தடிமன் திசையில் தடுப்பாரில்லை. பிளாஸ்டிக் தன் விருப்பம்போல் சுருங்கும்.

கல்லூரி விளையாட்டுத் திடலின் ஓட்டத் தடத்தை எண்ணிப் பாருங்கள். வளைவில் வெளிக்கோடு நீளம், உட்கோடு குறுகல். இரண்டின் வேறுபாடு, தடத்தின் அகலத்தையும் அது திரும்பும் கோணத்தையும் பொறுத்தது. கோடுகளின் நீளம் மாறாமல் அகலம் மட்டும் குறையுமாயின், தடம் முன்னினும் மிகுதியாகத் திரும்பியே ஆக வேண்டும். தாங்கியின் மூலையில் நிகழ்வதும் இதுவே. உட்பரப்பும் வெளிப்பரப்பும் இழையால் நீளம் மாறாது நிற்க, தடிமன் குறைகின்றது. மூலை மேலும் மடிகின்றது; 90 பாகை 88½ ஆகின்றது. இதனைக் ‘கோண ஒடுக்கம்’ எனலாம்.

தீர்வு வியப்புக்குரியது. நேரிய பொருள் வேண்டின் அச்சினைக் கோணலாகச் செய்தல் வேண்டும். 1½ பாகை ஒடுங்குமாயின் அச்சினை 91½ பாகைக்குக் கடைய வேண்டும். இவ்வொடுக்கம் பிளாஸ்டிக்கின் வகை, இழையின் அடுக்கு, குளிரும் வெப்ப வேறுபாடு ஆகியவற்றைப் பொறுத்து மாறும். கணிப்பொறியில் முன்கூட்டியே கணிப்பதும் உண்டு. எனினும் முதல் வார்ப்பை அளந்து பார்த்தே அச்சினை முடிப்பர். வெட்டிய உலோகத்தை மீண்டும் ஒட்டுவது அரிது. ஆதலின் தேர்ந்த தொழிலாளர் முதலில் சிறிது உலோகத்தை மிகையாகவே விட்டுவைப்பர்.

அவ்விளைஞர் அச்சினை மாற்றினார், தாங்கி செங்கோணமாயிற்று. அவர் அளவில் பிழை செய்யவில்லை. அளவுக்குப் பின்னுள்ள காரணம் அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படவில்லை என்பதே உண்மை. இரண்டு ஆங்கிலச் சொற்கள் அவரை மூன்று நாள் அலைக்கழித்தன. இரண்டு தமிழ்ச் சொற்கள் கால்மணி நேரத்தில் அவரை விடுவித்தன.

அறிவியல் தமிழ் என்பது மேடையில் முழங்குவதற்கு மட்டும் உரியதன்று. பட்டறையில் ஏச்சு வாங்கும் ஒரு பிள்ளையின் கையில் கருவியாக அமைய வேண்டியது. தமிழ் பயிலும் மாணவர்கள் தத்தம் ஊரில் ஒரு தொழிலாளியிடம் அமர்ந்து, அவருடைய தொழிலை அவருக்குப் புரியும் தமிழில் எழுதத் தொடங்குவார்களாயின், அதனினும் சிறந்த பணி வேறில்லை.